மரவள்ளியில் வள்ளி எங்கிருந்து வந்தாள்?

விசுவமடுவில் இருந்து நீங்கள் கேட்டது இது: வீட்டில் மரவள்ளி என்கிறோம், தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் குச்சிக்கிழங்கு என்கிறார், வவுனியாச் சந்தையில் சிங்கள வியாபாரி மஞ்ஞொக்கா என்கிறார். மரவள்ளி என்ற பெயருக்குப் பொருள் என்ன, முருகனின் வள்ளிக்கும் அதற்கும் தொடர்பு உண்டா, கிழங்கிலுள்ள நஞ்சால் உடம்பு மரத்துப்போகும் என்பதால்தான் மரவள்ளி என்று பக்கத்து வீட்டு ஐயா சொன்னது சரியா? மூன்று கேள்விபோலத் தெரிந்தாலும் நீங்கள் அறிய விரும்புவது ஒன்றுதான். கொடியே இல்லாத ஒரு செடிக்கு வள்ளி என்று ஏன் பெயர் வந்தது? அதற்கு விடை கிடைத்தால் மற்றவை தாமாக அவிழும்.

சுருக்கமாகச் சொன்னால், பெயர் மரம், வள்ளி என்ற இரண்டு சொற்களின் கூட்டு. வள்ளி முதலில் கொடி. பிறகு கொடியில் விளையும் ஒருவகைக் கிழங்கு. பிறகு அதைப்போல அவித்துத் தின்னும் கிழங்குக்கெல்லாம் பொதுப்பெயர். மரம் என்பது தண்டைச் சொல்வது. கொடியாகப் படராமல் கட்டைபோல நிமிர்ந்து நிற்கும் வள்ளி, மரவள்ளி. இவ்வளவும் உறுதி. ஐயா சொன்ன விளக்கம் பிழை. ஏன் பிழை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வள்ளி எவ்வளவு பழைய சொல் என்பதற்குப் புறநானூற்று 109ஆம் பாட்டே போதும். பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்டு நின்ற வேந்தர்களிடம் கபிலர், உழவர் உழாமலே இந்த மலை நான்கு விளைவு தரும் என்கிறார். மூங்கில் நெல், பலாப்பழம், மலைத்தேன் ஆகியவற்றோடு அவர் எண்ணும் இன்னொன்று 'கொழுங்கொடி வள்ளிக் கிழங்கு'. அந்தத் தொடரைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். வள்ளி என்றாலே கொடி என்றுமட்டும் பொருள் இருந்திருந்தால் கொழுங்கொடி என்று தனியாகச் சொல்லத் தேவை இல்லை. கொழுத்த கொடியை உடைய வள்ளி என்கிறார் புலவர். ஆக, சங்க காலத்திலேயே வள்ளி ஒரு குறிப்பிட்ட கிழங்குச் செடியின் பெயராகிவிட்டது. அதேநேரம் கொடி என்ற பொதுப்பொருளும் அழியவில்லை. மலையாளத்தில் இன்றைக்கும் வள்ளி என்றால் கொடிதான், கன்னடத்தில் அது பள்ளி. சமஸ்கிருதத்திலும் வல்லி உண்டு. யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்பதில் அறிஞர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். திராவிடத்தில் இருந்து அங்கே போனது என்ற பக்கத்துக்கு வலு கூட. வளை, வளைவு என்று வளைதலைக் குறிக்கும் சொற்கூட்டம் நம்மிடம் நிறைய இருப்பது அதற்கு ஒரு காரணம்.

வள்ளியம்மை விசயத்தில் புராணம் சொல்வதையும் சொல்வரலாறு சொல்வதையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் நேராகவே சொல்கிறது: வேடர்கள் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் குழந்தை கிடந்தாள், அதனால் வள்ளி என்று பெயர் இட்டார்கள். கோயிலில் புராணபடனம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. புராணத்தின்படி அம்மனால் கிழங்குக்குப் பெயர் வரவில்லை, கிழங்கால் அம்மனுக்குப் பெயர் வந்தது. சொல்வரலாற்றில் பார்த்தால் முருகனோடு சேர்ந்த வள்ளியும் சங்கப் பாட்டிலேயே இருக்கிறாள், நற்றிணை 82இல். கிழங்கு, பெண் இரண்டுமே அவ்வளவு பழையவை. எது முந்தியது என்று அந்தப் பாட்டுகளை வைத்து அறுதியிட முடியாது. ஒன்றுமட்டும் நிச்சயம். அந்தக் குழியில் தோண்டிய கிழங்கு நீங்கள் நேற்று அவித்த மரவள்ளி அல்ல. மரவள்ளி தென்னமெரிக்கப் பயிர். போர்த்துக்கேயர் கடல் தாண்டி வருமுன் இந்தப் பக்கத்தில் அது இல்லை.

அப்படியென்றால் கபிலரும் கச்சியப்பரும் சொன்ன வள்ளி எது? அதன் இனத்தார் உங்கள் வளவிலேயே இருக்கக்கூடும். இராசவள்ளியும் சிறுவள்ளியும் அந்தக் குடும்பம். மழைக்குப் பிறகு வன்னிக் காட்டோரத்தில் மரத்தில் ஏறிக் கிடக்கும் காட்டுவள்ளிகளும் அதுதான். இராசவள்ளித் தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள், உருளாது. நான்கு பக்கமும் மெல்லிய சிறகுபோல விளிம்பு ஓடும். அதன் அறிவியல் பெயரில் உள்ள 'அலாட்டா' என்ற சொல்லுக்கும் சிறகுடையது என்றுதான் பொருள். சிறுவள்ளித் தண்டு உருண்டை, முள் இருக்கும். இரண்டும் கம்பைச் சுற்றும் திசைகூட எதிரெதிர். ஆனால் இரண்டுமே பற்றி ஏற ஏதாவது கேட்கும். கொம்பு நாட்டாமல் இராசவள்ளியைத் தரையில் படரவிட்டால் இலைக்கு வெயில் போதாமல் கிழங்கு சிறுத்துப்போகும். வேலிக் கதியாலிலோ முள்முருக்கிலோ ஏற்றிவிடுகிற வழக்கம் அதனால் வந்தது. மார்கழி, தையில் கிழங்கு சந்தைக்கு வரும்போது அந்த ஊதா நிறத்துக்காகவே தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் களி கிண்டுவார்கள். வள்ளி என்ற பெயருக்கு முழு உரிமையும் இந்தச் செடிகளுக்குத்தான்.

மரவள்ளி இந்தக் குடும்பத்தில் பிறந்ததே அல்ல. அது ஆமணக்கின் இனம், இறப்பர் மரத்துக்கும் உறவு. தண்டைக் கீறினால் பால் வடிவதும், விரித்த கைபோல இலை இருப்பதும் அந்த உறவின் அடையாளம். 1766இல் கிரான்ட்ஸ் என்பவர் கொடுத்த 'மனிஹொட் எஸ்குலெண்டா' என்ற பெயரே இன்றும் அதன் அறிவியல் பெயர். இலங்கைக்கு அது வந்ததை வேளாண்மை நூல்கள் வழமையாக 1786 என்று குறிக்கும். ஒல்லாந்த ஆளுநர் வான் டி கிராஃப் மொரீசியசில் இருந்து எடுப்பித்தது. கேரளக் கரைக்குப் போர்த்துக்கேயர் வழியாக அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆகவே மரவள்ளி என்ற கூட்டுச்சொல் இலங்கையில் பிறந்ததா, இந்தியக் கரையில் பிறந்து கப்பலேறியதா என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பவேண்டாம். எங்கே பிறந்திருந்தாலும் பிறந்த முறை ஒன்றுதான்: புதிதாக வந்த கிழங்கைப் பழைய கிழங்கின் பெயரால் அழைத்து, எதில் வேறுபடுகிறதோ அதை முன்னால் ஒட்டுவது.

அந்த வேறுபாடு எது என்பதைத் தோட்டத்தில் பார்க்கவேண்டும். இராசவள்ளிக் கிழங்கைத் துண்டு துண்டாக வெட்டி, தோல் ஒட்டியபடி நட்டால் ஒவ்வொரு துண்டும் முளைக்கும். மரவள்ளிக் கிழங்கை அப்படி நட்டால் அழுகும், முளைக்காது. காரணம், அது பருத்த வேர். கணுவோ முளையோ அதில் கிடையாது. முளை எல்லாம் தண்டில்தான். ஆதலால் மரவள்ளிக்கு விதை என்றால் தடி. 8 முதல் 10 மாதம் முற்றிய செடியின் நடுத்தண்டை எடுத்து, அடிக்கட்டையையும் பச்சையான நுனியையும் விட்டு, ஏறக்குறைய 20 செ.மீ. நீளத்தில் 5 முதல் 7 கணு வரும்படி வெட்டுவார்கள். கத்தி கூராக இருக்கவேண்டும். நசிந்த முனையில் பூஞ்சணம் ஏறி மண்ணுக்குள்ளேயே தடி அழுகும். கணுவுக்கு மேல் மொட்டு இருக்கும் பக்கம் மேலே வரவேண்டும். தலைகீழாக ஊன்றினாலும் முளைக்கத்தான் செய்யும், ஆனால் பிந்தி முளைக்கும், கிழங்கும் ஒழுங்காகக் கட்டாது. ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் இடைவெளி விட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 4,000 தடி பிடிக்கும். முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, விசுவமடுப் பக்கத்துச் செம்மண் மேட்டுநிலத்தில் ஐப்பசி மழையோடு ஊன்றினால் பிழையில்லாமல் வரும். குளத்துக்குக் கீழே வயல் களியில் ஊன்றினால் மாரி வெள்ளம் தேங்கிக் கிழங்கு அழுகிவிடும். இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், மரவள்ளியை நடுகிற ஆள் கையில் கிழங்கைத் தொடுவதே இல்லை. அவர் கையில் இருப்பது ஒரு கட்டு மரத் தடி. பெயரில் மரம் முன்னால் வந்து நிற்பதற்கும், சேலம், நாமக்கல் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்பதற்கும் அந்தத் தடிதான் காரணம் என்பது என் கணிப்பு. கணிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தண்டு மரம்போல நிமிர்ந்து நிற்கும் தோற்றமே போதும் என்று ஒருவர் சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். எப்படிப் பார்த்தாலும் அது தண்டைப் பற்றிய பெயர்.

தண்டைப் பற்றிய பெயர் என்பது ஊகம் அல்ல, அதற்குச் சாட்சி அயல் மொழிகளில் கிடக்கிறது. கன்னடத்தில் இதே செடி மரகெணசு. கெணசு என்றால் நாங்கள் வற்றாளை என்கிற சர்க்கரைவள்ளிக் கிழங்கு. தெலுங்கில் கர்ரபெண்டலம், கர்ர என்றால் கம்பு, கட்டை, பெண்டலம் என்றால் வள்ளி இனத்துக் கிழங்கு. மலையாளத்தில் மரச்சீனி, அங்கே சில பகுதிகளில் சீனிக்கிழங்கு என்றால் வற்றாளை. நான்கு மொழிக்காரரும் தங்கள் தங்கள் பழகிய கிழங்கின் பெயரை எடுத்து அதன் முன்னால் மரத்தையோ கம்பையோ வைத்திருக்கிறார்கள். தெலுங்கில் அந்த இடத்தில் மரம் என்ற சொல்லே இல்லை, கர்ர இருக்கிறது. மரத்துப்போதல் என்ற விளக்கம் இங்கேதான் விழுகிறது. கர்ர எந்த உடம்பையும் மரக்கச் செய்யாது.

இலக்கணமும் ஐயாவுக்குக் கைகொடுக்காது. மரத்தல் என்ற வினையில் இருந்து பெயர் வந்திருந்தால் மரத்த வள்ளி என்றோ மரப்புவள்ளி என்றோ ஆகியிருக்கும். மரவள்ளி என்ற வடிவம் மரம் என்ற பெயர்ச்சொல்லுக்கே உரியது. மகர ஈறு கெட்டு நிற்கும் என்பது நன்னூல் விதி. வருவது வல்லினமானால் அது இரட்டிக்கும், மரம், கறி சேர்ந்து மரக்கறி ஆவதுபோல. வகரம் இடையினம், அதனால் இரட்டிக்காமல் மரவள்ளி. மரக்கறி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் காய்கறி என்பதை நாம் மரக்கறி என்கிறோம், அதில் மரம் என்பது செடி, கொடி, கீரை எல்லாவற்றையும் அடக்கிய சொல். மரவள்ளியில் அவ்வளவு அகலம் இல்லை. அங்கே மரம் கொடிக்கு எதிர்ப்பதமாக நிற்கிறது.

பெயரில் நஞ்சு இல்லை என்பதால் கிழங்கில் நஞ்சு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மரவள்ளியின் எல்லாப் பாகத்திலும் லினமரின் என்ற பொருள் உண்டு. வெட்டும்போது, துருவும்போது, மெல்லும்போது செடியிலேயே உள்ள ஒரு நொதி அதைத் தொட்டு ஐதரசன் சயனைட்டைக் கிளப்பும். இனிப்பு மரவள்ளி என்று சொல்லப்படும் வகைகளில், தோல் நீக்கிய பச்சைக் கிழங்கு ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இது இருக்கும். கசப்பு வகைகளில் அதைவிட மிகக் கூட. வாயில் வைத்துக் கசந்தால் துப்பிவிட வேண்டும், உப்புப் போட்டு மறைக்கக் கூடாது. தோலில் சதையைவிட அதிகம் என்பதால் மண்ணிறப் புறத்தோலோடு அதன் உள்ளே உள்ள தடித்த வெளிர்சிவப்புத் தோலையும் கத்தியால் நெம்பி உரிக்கவேண்டும். நடுவில் ஓடும் நரம்பை எடுத்துவிட்டு, சிறு துண்டுகளாக வெட்டி, நிறையப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கிற நீரில் தூக்கிப் போட்டால் நொதி உடனே செத்துவிடும், லினமரின் பாதி அப்படியே கிழங்குக்குள் தங்கிவிடும். தண்ணீர் மெல்லச் சூடேறும்போது நொதி தன் வேலையை முடிக்கும், கிளம்புகிற சயனைட்டு ஆவியாகப் போகும். மூடியைத் திறந்து வைத்து அவிக்கச் சொல்வது அதற்குத்தான். வெந்ததும் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். கறிக்கு அதே தண்ணீரைப் பாவிக்கக் கூடாது.

மரவள்ளியும் இஞ்சியும் சேரக்கூடாது என்ற விலக்கை வன்னியில் வீட்டுக்கு வீடு கேட்கலாம். மரவள்ளி தின்ற அன்று இஞ்சித் தேத்தண்ணிகூடக் கொடுக்கமாட்டார்கள். நஞ்சின் ஊற்று கிழங்குதான், இஞ்சி அல்ல. விலக்கைக் கடைப்பிடிப்பதால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் இஞ்சி சேர்க்கவில்லை என்ற தைரியத்தில் மூடி போட்டு அரைவேக்காட்டில் இறக்குவது ஆபத்து. குழையில் நஞ்சு இன்னும் கூட. வேலி பிரித்து மரவள்ளிக் குழையைத் தின்ற ஆடு பட்டிக்கு வந்து சேராது என்பதை ஆடு வளர்க்கிறவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இன்னொன்று, கிளப்பிய கிழங்கை இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைக்கமுடியாது. உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடத் தொடங்கிவிடும். வேண்டிய அளவுக்குமட்டும் கிளப்பி, மிச்சத்தை மண்ணிலேயே விடுவதுதான் வழி. அதற்கும் எல்லை உண்டு. 10 மாதம் தாண்டினால் நார் ஏறும், அதற்குள் காட்டுப்பன்றி முந்திக்கொள்ளாமல் இருந்தால்.

மற்றப் பெயர்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ஏழிலைக்கிழங்கு என்று தமிழ்நாட்டில் ஒரு பெயர் உண்டு. இலையின் பிளவுகளை எண்ணி வைத்தது. செடிக்குச் செடி ஐந்தும் வரும், ஒன்பதும் வரும். மலையாளக் கப்பை கப்பலில் வந்ததால் கப்பை என்று சொல்லுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, அதற்குமேல் அதில் பாரம் ஏற்றவேண்டாம். மஞ்ஞொக்காவின் கதை தெளிவானது. பிரேசிலின் துப்பி மக்கள் இட்ட பெயர் போர்த்துக்கேய வாயில் மண்டியொக்கா, பிரெஞ்சு வாயில் மானியொக் ஆனது. சிங்களம் எந்த வாயில் இருந்து எடுத்தது என்பதற்கு இரண்டு பக்கமும் நியாயம் உண்டு: போர்த்துக்கேயர் இங்கே நூற்றைம்பது ஆண்டு ஆண்டவர்கள், மறுபக்கம், 1786இல் மொரீசியஸ் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. எப்படியானாலும் சிங்களம் பெயரையும் சேர்த்து இறக்குமதி செய்தது, தமிழ் கிழங்கைமட்டும் எடுத்துக்கொண்டு பெயரைத் தானே செய்துகொண்டது. எது பழைய பெயர் என்று கேட்டால், இந்தச் செடிக்கு உள்ளவற்றில் மஞ்ஞொக்காவின் மூலம்தான் மூத்தது. மரவள்ளியில் பழையது வள்ளி என்ற பாதிமட்டும்.

இதை வைத்து ஈழத்தமிழர் கடன்சொல் வாங்காதவர்கள் என்று பெருமைப்பட வேண்டாம். வற்றாளையில் கதை அப்படியே தலைகீழ். தமிழ்நாட்டுக்காரர் அந்தக் கிழங்குக்குச் சர்க்கரைவள்ளி என்று தமிழில் பெயர் கட்டினார்கள்; நாங்கள் பாணையும் சப்பாத்தையும் எடுத்ததுபோல 'பட்டாட்டா' என்ற வெளிநாட்டுச் சொல்லை எடுத்துக்கொண்டோம். கரிபியன் தீவு மக்களின் சொல் அது. சிங்களத்தில் அது பத்தல. நம்முடைய வாயில் வத்தாளை. இரண்டிலும் கடைசியில் ஒரு லகர, ளகர ஒலி நுழைந்திருப்பதைப் பார்த்தால் ஒன்று மற்றதைத் தொட்டிருக்கிறது. யார் கொடுத்தது, யார் எடுத்தது என்பது திறந்த கேள்வி. எழுதும்போது ற்ற போட்டு வற்றாளை ஆக்கியதும் வற்றுதல், வற்றல் என்பவற்றின் சொந்தக்காரன்போல முகம் மாறிவிட்டது. எழுத்துக்கூட்டலை நம்பி வேர் தேடுபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

தமிழ்நாட்டுச் சொந்தக்காரரோடு பேசும்போது இந்தப் பெயர் மாறாட்டம் கைக்குதவும். சென்னையில் கடைக்காரரிடம் வெறுமனே வள்ளிக்கிழங்கு என்று கேட்டால் பெரும்பாலும் வற்றாளையைத்தான் நிறுத்துத் தருவார். மரவள்ளி வேண்டுமென்றால் மர என்பதை விடாமல் சொல்லுங்கள், அல்லது குச்சிக்கிழங்கு என்று கேளுங்கள். இராசவள்ளி வேண்டுமென்றால் பெயரை நம்பாமல் உள்ளே ஊதா நிறமான கொடிவள்ளி என்று விளக்கி, ஒரு துண்டு வெட்டிக் காட்டச் சொல்லி வாங்குவதே நல்லது.